அருளப்பன் மாஸ்டரின் நான்காம் அத்தியாயம்

போன கிழமை குருவிட்ட பஸ் நிலையத்தில் பிரியதர்ஷினி என்னைப் பிடித்துக்கொண்டார். நான் ஓய்வு பெற்ற பிறகு என் கதிரையில் வந்து உட்கார்ந்த விரிவுரையாளர் அவர். இரண்டு கையிலும் மரக்கறிப் பையோடு பஸ்ஸுக்கு நிற்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது?

"மிஸ், இந்த முறை முப்பது ஆய்வுக் கட்டுரை வந்திருக்கு. முப்பதும் நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு."

"நல்லா இருந்தா சந்தோசப்படுங்களேன். அதுக்கு ஏன் பயம்?"

"போன்ல இருக்கிற ஏஐ கிட்ட கேட்டு எழுதி எடுத்துக்கிட்டு வாராங்க மிஸ். அறிமுகத்துல இருந்து கடைசி உசாத்துணைப் பட்டியல் வரைக்கும் ஒரு பிழை இல்ல. எத வச்சுக் கண்டுபிடிக்கிறது? உங்க காலத்துல எப்படி எழுத வச்சீங்கன்னு நம்ம சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்களேன்."

கட்டுரை எழுதுவது எப்படி என்று ஒரு கட்டுரை! சரி என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸும் வந்துவிட்டது. ஆனால் ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டு விதி சொல்ல எனக்கு வராது. எனக்குத் தெரிந்த நாலு ஆளையும், நான் பட்ட ஒரு வெட்கத்தையும் எழுதுகிறேன். அதிலிருந்து எடுக்கிறதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது குருவிட்டவுக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். அம்மா பால் வெட்டினார், அப்பா ஃபெக்டரியில் வேலை. தோட்டத்துப் பாடசாலை, டவுன் பாடசாலை, ஆசிரியர் நியமனம், பட்டம், மேல் டிப்ளோமா. இதை எழுத ஒரு வரிதான் ஆனது, படிக்க இருபத்திரண்டு வருடம் ஆனது. கடைசியில் இரத்தினபுரியில் ஓர் ஆசிரியர் பயிற்சி நிலையத்தில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். சப்ரகமுவ மாகாணத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கும் ஆசிரியர்கள் சனி ஞாயிறில் அங்கே வந்து டிப்ளோமா படிப்பார்கள். முப்பது வயதும் இருக்கும், ஐம்பது தாண்டியதும் இருக்கும். கடைசித் தடை ஆய்வுக் கட்டுரை. தன் பாடசாலையில் இருக்கும் ஒரு பிரச்சினையை எடுத்து, ஆராய்ந்து, ஐந்து அத்தியாயமாக எழுதி, வாய்மொழிப் பரீட்சையில் பதில் சொல்ல வேண்டும். விரிவுரையாளர் ஒவ்வொருவருக்கும் ஆறேழு பேர் மேற்பார்வைக்கு வருவார்கள்.

எங்களுக்கெல்லாம் தலைவர் சிவஞானம் சேர். புளத்கொகுபிட்டிய கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. கடைக்காரப் புத்தி அவரை விட்டுப் போகவே இல்லை. சாமான் கேட்டு வந்தவனை நிற்க வைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. யாராவது கட்டுரையை நீட்டினால் வாங்கி, திறக்காமல், மேசையில் கவிழ்த்து வைப்பார். பால் விடாத ஒரு பிளேன்டீ வரவழைத்து அதன் மேல் வைப்பார்.

"இது ஆறுறதுக்குள்ள சொல்லுங்க. என்ன கேட்டீங்க? யார்கிட்ட எப்படிக் கேட்டீங்க? என்ன தெரிய வந்துச்சு? மூணே வசனம்."

மூன்று வசனத்தில் சொல்ல முடியாதவர் நூறு பக்கத்திலும் சொல்ல மாட்டார் என்பார். எத்தனையோ பேருக்கு அந்த பிளேன்டீ பச்சைத் தண்ணியாகப் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். சொல்லி முடித்தவருக்கு அந்தக் கோப்பையையே குடிக்கக் கொடுப்பார்.

என் மேற்பார்வையில் வந்த முதல் கட்டுரையை நான் பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அறிமுகம் மட்டும் பதினொரு பக்கம். "ஆதிகாலம் தொட்டே மனிதன் கல்வியின் மகத்துவத்தை உணர்ந்து" என்று ஆரம்பம். சேர் அதை வாசித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ், ஆதிகாலத்துல இவங்க பாடசாலையில மூணாம் வகுப்புல எத்தன பிள்ளைங்க இருந்தாங்க?"

எனக்கு முகத்தை எங்கே வைக்கிறது என்று தெரியவில்லை. பதினொரு பக்கமும் போய் ஒன்றரைப் பக்கம் மிஞ்சியது. அந்த ஒன்றரைப் பக்கத்தில்தான் பாடசாலை இருந்தது.

அவர் சொல்லித் தந்த எழுதும் வரிசை புத்தகத்தில் இருக்கிற வரிசை இல்லை. முதலில் அரைத்தாளில் கேள்வியை எழுது. அடுத்து மூன்றாம் அத்தியாயம், அதாவது யாரிடம், எப்படி, எத்தனை நாள் கேட்கப் போகிறேன் என்ற முறையியல். பிறகு போய்க் கேள். வந்ததை அட்டவணையாகப் போட்டு நான்காம் அத்தியாயத்தை எழுது. அதிலிருந்து ஐந்தாம் அத்தியாயத்தில் முடிவு. பிறர் எழுதியதை வாசித்துக் குறிப்பெடுப்பது முதல் நாளிலிருந்து நடக்கட்டும், ஆனால் இரண்டாம் அத்தியாயமாக அதை எழுதுவது அதற்குப் பிறகுதான். அறிமுகம் அதற்கும் பிறகு, ஆய்வுச் சுருக்கம் எல்லாவற்றுக்கும் பிறகு. தலைப்பு? "பிள்ள பொறக்கட்டும் மிஸ், அப்புறம் பேரு வைப்போம்" என்பார். வாசிக்கும்போது பின்னாலிருந்துதான் வாசிப்பார். பின்னிணைப்பில் இருக்கும் வினாக்கொத்தை முதலில் பார்ப்பார். கேள்வி கோணல் என்றால் மேலே இருக்கிற ஐந்து அத்தியாயமும் கோணல்தானே.

இதெல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். தெரிந்துதான் அருளப்பன் மாஸ்டர் விஷயத்தில் கோட்டை விட்டேன்.

பன்னிரண்டு பதின்மூன்று வருடம் இருக்கும். ருவான்வெல்லைக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்துச் சின்னப் பாடசாலையில் அவர் தற்காலிக அதிபர். ஒன்பது வருடமாகத் தற்காலிகம்! டிப்ளோமா இல்லாததால் நிரந்தர அதிபராகப் போட மாட்டார்கள். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. எங்கள் நிலையத்தில் வயதெல்லை உண்டு. அந்த அணியில் தவறினால் அடுத்த அணிக்கு எடுக்க மாட்டார்கள், வெளியிலிருந்து வேறொருவர் அதிபராக வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் நான் வகுப்புக்குள் நுழைந்தால் முதலில் எழுந்து நிற்பவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் காலைப் பூசை முடித்து, மூன்று பஸ் மாறி, வேர்க்க விறுவிறுக்க வந்து, "மன்னிச்சுக்குங்க மிஸ், இன்னைக்கு சாமியார் பிரசங்கத்த நீட்டிட்டாரு" என்பார்.

"மாஸ்டர், உங்களுக்கு இந்த வயசுல இது ஏன்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"முத்திரையில தற்காலிகம்னு இருக்கு மிஸ். பிள்ளைங்களுக்கு நான் குடுக்கிற ஒவ்வொரு சான்றிதழ்லயும் அது விழுது. அந்த ஒரு சொல்ல எடுத்துட்டு வீட்டுக்குப் போகணும்."

அவர் எடுத்த விஷயம்: தோட்டத்துப் பிள்ளைகள் ஏன் பாடசாலைக்கு ஒழுங்காக வருவதில்லை? லயத்தின் ஒற்றையறைக் காம்பராவில் இடநெருக்கடிதான் காரணம் என்பது அவர் நினைப்பு. நாற்பது வீட்டில் கேட்பது என்று முடிவு. ஒரு காம்பராவில் எத்தனை குடும்பம், கூரை ஒழுகுகிறதா, பாடசாலை வயதுப் பிள்ளைகள் எத்தனை, அதில் எத்தனை பேர் அவர் பாடசாலை வரவு இடாப்பில் இருக்கிறார்கள். வினாக்கொத்தை நான் பார்த்துச் சரி என்றேன். சேரிடம் மூன்று வசனத்தை கோப்பை பாதி ஆறுவதற்குள் சொல்லி, பிளேன்டீயும் குடித்துவிட்டார் மனிதர்.

சனங்கள் பயப்படக் கூடாது என்று தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு லயம் லயமாகப் போனார். ஒரு மாதத்தில் நான்காம் அத்தியாயத்தோடு வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. ஒரு காம்பராவில் இரண்டு குடும்பம், மூன்று குடும்பம். பாடசாலை வயதுப் பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அவர் இடாப்பிலேயே இல்லை.

"பாதிப் பிள்ள பாடசாலைக்கே வரல மிஸ். இத்தன வருசம் நான் அங்க என்னத்த கிழிச்சேன்?"

நானும் அதை நம்பினேன். எழுத்தும் முத்து முத்தாக இருந்தது. மேற்பார்வையாளர் ஒரு தடவையாவது களத்துக்குப் போய்ப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. நான் முதலில் கையெழுத்தைப் போட்டேன், பிறகு போகலாம் என்றேன். சோம்பல் என்று பச்சையாக எழுதுகிறேன்.

ஒரு பௌர்ணமிப் போயா லீவு நாளில் போனேன். மாஸ்டர் குடையைப் பிடித்துக்கொண்டு பாதையில் காத்திருந்து மேல் லயத்துக்குக் கூட்டிப்போனார். நாலைந்து பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அதில் வள்ளியம்மா என்று ஒரு பால் வெட்டும் பெண், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"டீச்சர், எந்த மாசம் குடுப்பாங்க?"

"எது?"

"வீடுதான். மாஸ்டர் எங்கள மூணு குடும்பம்னு எழுதிட்டுப் போனாரு. மூணு வீடா வரும், ரெண்டுதான் வருமா?"

நான் காம்பராவுக்குள் எட்டிப் பார்த்தேன். ஒரு கட்டில், ஒரு தையல் மெசின், கூரையில் ஒழுகும் இடத்துக்கு நேரே ஒரு பிளாஸ்டிக் வாளி. அவளும் புருசனும் பள்ளிக்கூடம் போகிற ஒரு மகளும் இருக்கும் இடம் அது.

"மத்த ரெண்டு குடும்பமும் எங்கங்க?"

"பெரிய மகன் கொழும்புல கடையில நிக்கிறான். சின்னவன் அவிசாவளையில கார்மென்ட்ஸ். ரெண்டு பேரும் பொண்டாட்டி பிள்ளையோட அங்கங்கதான். பிள்ளைங்க அங்கயே படிக்குதுங்க. ஆனா லிஸ்ட் எடுக்கிறப்ப பேரு இருக்கணும்ல டீச்சர்? விட்டுட்டா அப்புறம் எவன் சேர்ப்பான்?"

அனே, அப்போதுதான் எனக்கு விளங்கியது! தொழிற்சங்கத் தலைவரையும் கூட்டிக்கொண்டு, அட்டையில் கிளிப் போட்ட விண்ணப்பப் போமோடு ஒருவர் லயத்துக்கு வந்து, "இங்க எத்தன குடும்பம்?" என்று கேட்டால் அது வீட்டு லிஸ்ட். தோட்டத்தில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. குடும்ப எண்ணிக்கைப்படிதான் புது வீடு என்பதால், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் குடும்பத்தையும் எல்லோரும் சேர்த்துச் சொல்வார்கள். என் அம்மாவே கண்டியில் இருந்த மாமா குடும்பத்தைச் சேர்த்துச் சொன்னதை வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து பார்த்தவள் நான். சேருக்குத் தெரியாமல் இருக்கலாம், அவர் கடைவீதிக்காரர். லயத்தில் பிறந்த எனக்கு எப்படித் தெரியாமல் போனது? படித்த படிப்பு கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன.

மாஸ்டர் இஸ்தோப்புத் திண்டில் உட்கார்ந்துவிட்டார்.

"மிஸ், அப்ப அந்தப் பாதிப் பிள்ளைங்க?"

"கொழும்புலயும் அவிசாவளையிலயும் பாடசாலைக்குப் போகுதுங்க மாஸ்டர்."

"மாதாவே, நல்லது" என்று சிலுவை போட்டுக்கொண்டார். முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த நிமிடம்தான் அவருக்குக் கட்டுரை ஞாபகம் வந்தது. ஒப்படைக்க இரண்டு கிழமை, பதினாலு நாள்தான் இருந்தது.

இறங்கி வரும் வழியில் சண்டை. தகவல் தந்தவர்கள் பொய்த் தகவல் தந்தார்கள் என்று ஆய்வின் வரையறைகளில் இரண்டு வரி எழுதிவிடுங்கள் என்றேன்.

"எங்க சனம் பொய் சொன்னாங்கன்னு என் கையால எழுத மாட்டேன் மிஸ்."

"மாஸ்டர், அது ஒரு முறை. எல்லாரும் எழுதுறதுதான்."

"அந்தப் புத்தகம் உங்க நூலகத்துல இருக்கும். நாளைக்கு எவனாச்சும் அத எடுத்து, தோட்டத்தாளுங்க பொய் சொல்லித்தான் வீடு கேக்குறாங்கன்னு எழுதுவான். அதுக்கு அருளப்பன் சாட்சியா? நான் கட்டுரைய வாபஸ் வாங்கிக்கிறேன். தற்காலிகமாவே போறேன்."

அப்போது என் வாயிலிருந்து வந்ததை எழுதத்தான் இந்தக் கட்டுரை. "அப்படியே விட்டுடுங்க மாஸ்டர்" என்றேன். "அட்டவணை நல்லா இருக்கு. இந்த மலைக்கு ஏறி வந்து யார் எண்ணிப் பார்க்கப் போறாங்க?"

அவர் நின்றார். கோபப்படவில்லை.

"நீங்களா மிஸ் சொல்றீங்க?"

அவ்வளவுதான் கேட்டார். பஸ் வந்ததும் நான் ஏறிவிட்டேன். வீடு வந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை சேரின் அறைக்கு மாஸ்டருக்கு முன்னாலேயே போய் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்தை முதலில் போட்டதையும் சொன்னேன். அப்படியே விடச் சொன்னதையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், மாஸ்டரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். கட்டுரையைப் பின்பக்கமிருந்து திறந்து வினாக்கொத்தை வெளியே எடுத்தார்.

"மேல என்ன போட்டிருக்கீங்க? குடும்பத் தலைவர் பேரு, அடையாள அட்டை இலக்கம், லய இலக்கம். மாஸ்டர், இது வினாக்கொத்தா, அரசாங்கக் கந்தோர் போமா?"

மாஸ்டர் அதை வாங்கி வாசித்தார். சேர் தொடர்ந்தார்.

"நானும்தான் பார்க்காம விட்டுட்டேன். மூணு வசனம் நல்லா இருந்துச்சு, டீயக் குடுத்துட்டேன். கந்தோர்காரன் மாதிரிக் கேட்டிருக்கீங்க, கந்தோருக்குச் சொல்றத சொல்லியிருக்காங்க. பிழை முறையியல்ல இருக்கு, சனத்துக்கிட்ட இல்ல. அப்ப அத எங்க எழுதணும்? வரையறையிலயா?"

"மூணாம் அத்தியாயத்துல" என்றார் மாஸ்டர் மெதுவாக.

"ஆ! 'நான் இப்படிக் கேட்டேன், இது என் தவறு'ன்னு அங்க எழுதுங்க. நாலாம் அத்தியாயத்தக் கிழிக்காதீங்க. திரும்பப் போய்க் கேளுங்க. முதல் அட்டவணைக்குப் பக்கத்துல ரெண்டாவது அட்டவணையப் போடுங்க. ஏன் வித்தியாசம் வந்துச்சுன்னு எழுதுங்க. அதுதான் இப்ப உங்க ஆய்வு. தலைப்பையும் மாத்துங்க."

"சேர், திகதி?" என்றேன்.

"திகதி மாறாது."

எழுதுவது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. மாஸ்டர் மறுபடி நாற்பது வீட்டு வாசலிலும் போய் நின்று, இது வீட்டு லிஸ்ட் இல்லை என்று சொல்ல வேண்டுமே, அதுதான் கஷ்டம். ஒன்பது நாள் போனார். தலைவர் இல்லை, போம் இல்லை, அட்டை இல்லை. பாலைத் தராசில் நிறுத்து முடித்து சனங்கள் வீடு வரும் நேரம் பார்த்து இஸ்தோப்பில் உட்கார்ந்து, "இது என் பரீட்சைக்குக் கேட்டது. வீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. முதல்லயே சொல்லாதது என் தப்பு" என்று ஆரம்பிப்பாராம். சிலர் சிரித்தார்கள். ஒருவர், "அப்ப எதுக்கய்யா அடையாள அட்டைய வாங்கி எழுதின?" என்று லயமே கேட்கக் கத்தினார். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள், மூன்றாம் நாள்தான் திறந்தார்கள். வள்ளியம்மா பிள்ளைகளின் விபரத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடிக்கச் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். தோட்டத்தில் மாஸ்டருக்கு அது நடந்ததே இல்லை.

இரண்டாவது அட்டவணையில் உண்மையாகவே பாடசாலைக்கு வராத பிள்ளைகள் ஏழு வீட்டில் ஏழு பேர். காரணமும் இடநெருக்கடி இல்லை. அம்மாவும் அப்பாவும் விடிய முன்பே பால் வெட்டப் போகிற வீடுகள் அவை. எழுப்பி, உடுத்தி அனுப்ப ஆளில்லை. வழக்கமாக எல்லோரும் ஐந்தாம் அத்தியாயத்தில் "அரசாங்கம் ஆவன செய்ய வேண்டும்" என்று எழுதுவார்கள். திங்கட்கிழமை காலையில் நீங்களே செய்யக் கூடியதை எழுதுங்கள் என்று சேர் அதை வெட்டுவார். மாஸ்டரின் விதந்துரை ஒரே வரி: காலை ஆறரை மணிக்கு அதிபர் இந்த ஏழு வீட்டுக்கும் போக வேண்டும். கட்டுரை பரீட்சகர் கைக்குப் போகுமுன்பே அவர் போக ஆரம்பித்துவிட்டார்.

வாய்மொழிப் பரீட்சைக்குக் கொழும்பிலிருந்து ஒரு பரீட்சகர் வந்தார். சிரிக்கத் தெரியாத மனிதர். கட்டுரையைப் புரட்டிவிட்டு, "சுருக்கமாகச் சொன்னால், உங்கள் தோட்டத்து மக்கள் ஆய்வாளருக்குப் பொய்த் தகவல் கொடுத்திருக்கிறார்கள். அப்படித்தானே?" என்றார்.

மேற்பார்வையாளராக நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பரீட்சகர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். மாஸ்டர் எழுந்து நின்றார்.

"இல்லீங்க சேர். நான் பிள்ளைங்களப் பத்திக் கேட்டதா நெனச்சேன். அவங்க மூணு தலமுறையா வீட்டப் பத்தி ஒருத்தன் கேக்க வருவான்னு காத்துக்கிட்டு இருந்தவங்க. நான் போமோட போனதும், வந்துட்டான்னு நெனச்சுட்டாங்க. நான் அவன் இல்லன்னு சொல்லாமப் போனது என் பிழை. மூணாம் அத்தியாயத்துல எழுதியிருக்கேன் சேர். சனத்து மேல அத எழுதச் சொன்னீங்கன்னா, என்ன ஃபெயில் பண்ணிடுங்க."

பரீட்சகர் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து முழுவதும் வாசித்தார். "உட்காருங்க மாஸ்டர்" என்றார். அதுவரை அவர் யாரையும் மாஸ்டர் என்று சொல்லவில்லை. மாஸ்டர் சித்தியடைந்தார். அந்த வருடம் எங்கள் நிலையத்திலேயே ஆகக் கூடிய புள்ளி அது. சிவஞானம் சேர் எனக்கொரு பிளேன்டீ வரவழைத்தார். சூடாகவே குடித்தேன்.

பிரியதர்ஷினி, உங்கள் முப்பது கட்டுரைக்கும் என்னிடம் இருக்கும் யோசனை இதுதான். ஐந்து அத்தியாயமும் மேசையில் இருக்கட்டும். எழுதியவரைக் கூப்பிட்டு, கேட்கப் போன இடத்தில் உங்களை யார் திட்டினார்கள், எதற்குத் திட்டினார்கள் என்று கேளுங்கள். உண்மையாகப் போனவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். நான் வேலை செய்த காலத்தில் நூற்றுக்கு மேல் கட்டுரை பார்த்தேன். அந்த ஒன்றுக்குப் பிறகு எந்தக் கட்டுரையிலும் களத்தைப் பார்க்காமல் கையெழுத்து வைக்கவில்லை. நிம்மதியாக ஓய்வு பெற்றேன், நிம்மதியாகவே இருக்கிறேன்.

மாஸ்டர் நிரந்தர அதிபரானார். கட்டுரையைப் புத்தகமாகக் கட்டி, தங்க எழுத்தில் பெயர் போட்டு எடுத்த அன்றே அதைத் தூக்கிக்கொண்டு மேல் லயத்துக்குப் போனார். பயமாக இருக்கிறது என்று துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். ஐம்பத்தைந்து தாண்டிய மனிதருக்குப் பயம்! சனங்கள் கூடினார்கள். எங்கள் பெயர் எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஆய்வில் பெயர் போடக் கூடாது, வீட்டுக்கு இலக்கம்தான் என்று விளங்கப்படுத்தினார். வள்ளியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எங்க வீடு எது?"

"வீடு பதினேழு."

"படிங்க."

மாஸ்டர் பக்கத்தைத் தேடிப் படித்தார். ஒரு காம்பரா, வசிப்பவர் மூவர், பாடசாலை வயதுப் பிள்ளை ஒன்று, ஒழுங்காக வருகிறது, கூரை ஒழுகுகிறது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முன்ன எழுதினதுலயும் ஒழுகுதுன்னு இருந்துச்சா?"

"இருந்துச்சு. ரெண்டு அட்டவணையிலயும் இருக்கு."

"அத யாரும் மாத்திச் சொல்லலையே?"

"நாப்பது வீட்டுலயும் ஒருத்தரும் மாத்திச் சொல்லலம்மா."

அவள் புத்தகத்தை வாங்கி, அந்த வரி எது என்று கேட்டு, அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு மாஸ்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இருங்க, தேத்தண்ணி ஊத்துறேன்" என்று உள்ளே போனாள்.